மிகையால் வந்த குறை

நோய் என்றதும் காய்ச்சலும் நோவும் படுக்கையுமே பலருக்கு நினைவில் வருவன. உடலில் ஒரு வடுவும் இன்றி, நாளில் ஓரிரு மணிநேரம் மட்டும் தோன்றிப் பின்னர் தடயமின்றி மறையும் ஒன்றை எவரும் நோயென எளிதில் ஒப்புவதில்லை. அது சோம்பல் எனவும் முன்கோபம் எனவும் கோழைத்தனம் எனவும் பெயர்பெறுகிறது. அவ்வாறு பெயரிடுவோர் அயலார் மட்டுமல்லர். அதற்கு ஆளானவரும் தம்மைப் பற்றி அதே தீர்ப்பை எழுதிக்கொள்கிறார். உணவு உண்ட சில மணிநேரத்தில் குருதியிலுள்ள வெல்லம் அளவுக்கு மீறித் தாழ்ந்துவிடும் நிலை அத்தகைய நோய்களுள் ஒன்று. உணவுக்கு உடல் காட்டும் எதிர்வினையால் விளைவதாகலின் இதனை எதிர்வினைக் குருதிவெல்லக் குறைவு எனலாம்.

பேராதனையிலே தமிழ் கற்பித்த இளம் உதவி விரிவுரையாளர் ஒருவரின் அனுபவம் இதற்குச் சான்றாகும். வடமராட்சியிலிருந்து வந்து, தாம் படித்த துறையிலேயே நியமனம் பெற்று, முதுமாணிப் பட்டத்துக்கான ஆய்வேட்டையும் எழுதிக்கொண்டிருந்தவர் அவர். காலை ஏழரை மணிக்குப் பாணும் சீனிச்சம்பலும், மூன்று கரண்டிச் சீனியிட்ட தேநீரும் அவரது வழக்கமான உணவு. பத்து மணிக்கு விரிவுரை தொடங்கும். பத்தரை மணிவரை குரல் கணீரென்று ஒலிக்கும். அதன் பின்னர் உள்ளங்கை வியர்க்கும், வெண்கட்டி பிடித்த விரல்கள் நடுங்கும், நெஞ்சு படபடக்கும். ஒருநாள் வேற்றுமைகளை வரிசையாகக் கரும்பலகையில் எழுதிவந்தவருக்கு எட்டாவதன் பெயர் நினைவில் எழவில்லை. விளி என்னும் ஈரெழுத்துச் சொல். பாடசாலைப் பிள்ளையும் அறிந்த அச்சொல்லைத் தேடிப் பலகையைப் பார்த்தபடியே அவர் நின்றார். முன்வரிசை மாணவி ஒருத்தி மெல்லிய குரலில் எடுத்துக் கொடுத்தாள். வகுப்பில் எவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவருக்கு அது ஆறுதலாக இருந்திருக்கும்.

மூத்த ஆசிரியர் சிலர் அதனைச் சபைக்கூச்சம் என்றனர். மாணவர்களோ, பதினொரு மணிக்குப் பின் அவரிடம் ஐயம் கேட்டால் எரிந்து விழுவார் என்று தமக்குள் பேசிக்கொண்டனர். மதிய உணவு உண்டதும் அவர் பழைய மனிதராகிவிடுவார். அந்த மீட்சியே அவருக்கு எதிரான சாட்சியாயிற்று; உண்மையான நோயாளி ஒரு பிடி சோற்றில் குணமடைவாரா என்பது பலரின் வாதம். மாலை நான்கு மணியளவில் நூலகத்தில் ஒரே பக்கத்தை நான்குமுறை படித்தும் பொருள் பிடிபடாத வேளைகளில், ஆசிரியத் தொழிலுக்குத் தாம் தகுதியற்றவரோ என அவரே எண்ணத் தலைப்பட்டார். பதவிவிலகற் கடிதமொன்றை எழுதி மேசை இழுப்பறையில் வைத்திருந்தார். திகதி மட்டுமே இடப்படவில்லை.

ஊரிலிருந்த தாயார் நீண்டகாலமாகச் சலரோகத்தால் வருந்துபவர். மகனின் சோர்வைக் கேள்வியுற்றதும், “தம்பி, உனக்கு உடம்பிலை சத்தில்லை. குளுக்கோசைக் கரைச்சு ஒரு கோப்பை குடிச்சிட்டு வகுப்புக்குப் போ அப்பன்” என்று சொல்லிப் பெட்டி பெட்டியாக அனுப்பிவைத்தார். அவரும் அவ்வாறே குடித்தார். முதல் ஒரு மணிநேரம் உடல் துள்ளியது. அதன்பின் வந்த நடுக்கம் முன்னையதிலும் கடுமையாயிருந்தது. அன்பினால் அளிக்கப்பட்ட மருந்தே நோயை வளர்த்தது.

இறுதியில் அவரைப் பரிசோதித்த வயது முதிர்ந்த மருத்துவர், என்ன செய்கிறது என்று கேட்பதற்கு முன் எத்தனை மணிக்கு எதை உண்டீர் என்று கேட்டார். உண்ணாதிருக்கும்போதும் இவ்வாறு வருகிறதா, வயிற்றில் சத்திரசிகிச்சை நடந்ததா, மது அருந்துவதுண்டா, வேறு மருந்துகள் உட்கொள்வதுண்டா எனவும் விசாரித்தார். பின்னர் வழக்கமான காலையுணவையே உண்ணச்செய்து, அரைமணிக்கு ஒருமுறை குருதி எடுப்பித்தார். மூன்றாம் மணியளவில் கை நடுங்கத் தொடங்கிய அதே வேளையில் எடுத்த குருதியில் வெல்லம் 100 மில்லிலீற்றருக்கு 49 மில்லிகிராம் அளவில் இருந்தது. சீனி கரைத்துக் கொடுத்ததும் நடுக்கம் தணிந்தது. அன்று அவர் அழுதார் என்று நண்பர்கள் சொல்வர். நோய் உண்டென்று அறிந்து ஒருவர் மகிழ்ந்தழுவது விந்தையே. ஆயினும் தம் குணத்தின் மீது சுமத்தப்பட்ட குற்றம் நீங்கியதை அவர் அந்த எண்ணிலேதான் கண்டார்.

இந்நோயின் பொறிமுறை எளிதில் விளங்கத்தக்கது. வெண்மாவும் சீனியும் விரைவாகச் சமித்துக் குருதியில் வெல்லத்தைத் திடீரென உயர்த்துகின்றன. அதற்கு ஈடுகொடுக்கச் சதையி இன்சுலினைச் சுரக்கிறது. சிலருக்கு அச்சுரப்பு தாமதித்தோ மிகுந்தோ வந்து, உணவின் வெல்லம் தீர்ந்த பின்னரும் தொழிற்படுகிறது. வெல்லம் தாழ்கையில் உடல் அதிரினலினைச் சுரந்து எச்சரிக்கிறது; வியர்வையும் நடுக்கமும் படபடப்பும் அதன் விளைவே. மேலும் தாழ்ந்தால் மூளை தடுமாறுகிறது. உடலின் எடையில் ஏறத்தாழ 2 சதவீதமேயான மூளை, ஓய்விலிருக்கும் உடல் செலவிடும் சக்தியில் ஏறத்தாழ 20 சதவீதத்தைத் தனக்கெனக் கொள்கிறது. ஆதலின் சொல் மறத்தலும் சினம் மிகுதலும் வியப்பன்று. சிலரிடத்தே இது பின்னர் வரவிருக்கும் சலரோகத்தின் முன்னறிகுறியாகவும் அமைவதுண்டு. தாயின் நோயும் மகனின் நோயும் எதிரெதிர்த் திசையிலன்றி, ஒரே பாதையில் நின்றனவாதல் கூடும்.

1921இல் ரொறன்ரோவில் இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்ட பின்னர், அதனை மிகையாகப் பெற்ற நோயாளர் வியர்த்து நடுங்கி மயங்குவதை மருத்துவர் கண்டனர். இன்சுலினே ஏற்றப்படாத சிலரிடத்தும் அதே குறிகளைக் கண்ட அமெரிக்க மருத்துவர் சீல் ஹரிஸ், உடலே மிகை இன்சுலினைச் சுரத்தல் கூடும் என்று 1924இல் எழுதினார். சத்திரசிகிச்சை நிபுணர் அலன் விப்பிள் வகுத்த மூன்று நிபந்தனைகள் இன்றும் பயன்படுகின்றன: குறிகள் தோன்றவேண்டும்; அவ்வேளையில் குருதி வெல்லம் தாழ்ந்திருக்கவேண்டும்; வெல்லம் கொடுத்ததும் குறிகள் நீங்கவேண்டும். இவற்றின் அருமை பின்னாளிலே புலப்பட்டது. களைப்பு, கவலை, மனச்சோர்வு யாவற்றுக்கும் வெல்லக் குறைவே காரணமென்னும் நம்பிக்கை அமெரிக்காவில் பரவியபோது, அங்குள்ள மருத்துவ அமைப்புகள் மூன்று 1973இல் கூட்டறிக்கை விடுத்து மறுக்கவேண்டியதாயிற்று. உள்ள நோயை இல்லையென்பது ஒரு பிழை. இல்லாத நோயை உண்டென்பது மற்றொரு பிழை.

விரிவுரையாளருக்கு மருத்துவர் மாத்திரை எதுவும் எழுதவில்லை. இரு வாரம் உண்ட நேரத்தையும் உணவையும் குறித்துவருமாறு மட்டுமே பணித்தார். கையில் அகப்பட்ட தாளில் அவர் குறிக்கத் தொடங்கினார்; அது இழுப்பறையிலிருந்த பதவிவிலகற் கடிதத்தின் பின்புறம். குறிப்புகள் சேரச்சேர ஒழுங்கு புலனாயிற்று. பாணுக்குப் பதிலாக அவித்த பயறோ கடலையோ, ஒரு முட்டையுடன் காலையுணவாயிற்று. குரக்கன் பிட்டும் சிவப்பரிசிச் சோறும் அளவாக இடம்பெற்றன. மதியத்தில் முதலில் மரக்கறியும் மீனும், அதன்பின்னரே சோறு. மூன்று மணிக்கொருமுறை சிறிதளவு உணவு. நடுக்கம் வந்தால் 15 கிராம் சீனி, அதாவது ஏறத்தாழ நான்கு தேக்கரண்டி. 15 நிமிடம் பொறுத்து, பின்னர் கடலை போன்ற நின்று சமிக்கும் உணவு. வெறுஞ் சீனியோடு நிறுத்தினால் மீண்டும் ஏறி மீண்டும் இறங்கும் என்பதைத் தாயார் அனுப்பிய பெட்டிகள் அவருக்கு முன்னரே கற்பித்திருந்தன.

இவற்றினும் கடினமாயிருந்தது பிறர் வீட்டுத் தேநீர். எம்மவரிடையே விருந்தினருக்குச் சீனி குறைத்தல் கஞ்சத்தனம். கொடுத்ததை மறுத்தல் அவமதிப்பு. “எனக்குச் சீனி குறையிற வருத்தம், அதாலை சீனி வேண்டாம்” என்று அவர் சொன்னால், கேட்டவர் இவர் பகிடி விடுகிறாரோ என்று பார்ப்பர். தாயாரை இணங்கவைக்க ஒரு விடுமுறை முழுதும் வேண்டியிருந்தது. இறுதியில் அந்த அம்மையார், “அப்ப எனக்கும் உனக்கும் ஒரே சாப்பாடுதான்” என்று கூறி, இருவருக்கும் ஒரே பானையில் குரக்கன் அவித்தார்.

திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரத்தில் பாதிக்கு மேற்பட்ட குறள்கள் உண்ணும் முறை பற்றியன. பலமுறை அதனைக் கற்பித்தவர் அவர். எனினும் அளவு என்பது உணவின் நிறையை மட்டுமன்றி, அதன் வேகத்தையும் வேளையையும் குறிக்கும் என்பதைத் தம் உடலிலிருந்தே கற்றார். நோய் முற்றாக நீங்கவில்லை. கூட்டங்கள் நீளும் நாட்களில் இன்றும் விரல் நடுங்குகிறது. அப்போது அவர் மறைக்காது சொல்லிவிட்டுச் சீனிப் பொட்டலத்தைப் பிரிக்கிறார்.

இழுப்பறைக் கடிதம் அனுப்பப்படவில்லை. இருபுறமும் எழுதப்பட்ட தாளை யாரும் பதவிவிலகலாக ஏற்கமாட்டார்கள் என்று அவர் சிரிப்பதுண்டு. ஆனால் அவரிடத்தே நிலைத்துவிட்ட மாற்றம் வேறொன்று. வகுப்பில் ஒரு மாணவன் கண்ணயர்ந்தாலோ காரணமின்றிச் சீறினாலோ அவர் கடிந்துகொள்வதில்லை. வகுப்பு முடிந்ததும் தனியே அழைத்து, “காலமை என்ன சாப்பிட்டனீர்?” என்று கேட்கிறார். பெரும்பாலும் அது நோயாக இருப்பதில்லை. உறக்கமின்மையாகவோ வீட்டுத் துன்பமாகவோ கைப்பணம் தீர்ந்தமையாகவோ இருக்கும். ஆயினும் தீர்ப்புக்கு முன்னே கேள்வி வருகிறது. தமக்கு ஒரு காலத்தில் கிடையாத கேள்வி அது என்பதை அவர் மறக்கவில்லை.