நாளும் ஒரு சித்திரம்

சித்திரக்கதை என்பது சிறுவரைச் சிரிக்கச் செய்யும் விளையாட்டுப் பொருள் என்று கருதுவோர் பலர். அக்கருத்து முழுதும் தவறன்று. ஆயினும், சிரிப்பினூடே நிலையாமையை உணர்த்திய சித்திரக்கதைகளும் உண்டு. அமெரிக்க நாட்டுச் சார்லஸ் ஷுல்ஸ் வரைந்த ‘பீநட்ஸ்’ அத்தகையது.

ஷுல்ஸ் 1922-ஆம் ஆண்டு மினியாபொலிஸ் நகரில், முடிதிருத்தும் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தார். 1943-இல் படையில் சேர்ந்திருந்த அவர், விடுப்புப் பெற்று, புற்றுநோயால் படுக்கையிலிருந்த அன்னையைக் காண வந்தார். அவர் பாசறைக்குத் திரும்பும் வேளையில், இனி ஒருவரையொருவர் காண்பது அரிது. ஆதலின் இப்பொழுதே விடைபெற்றுக் கொள்வோம் என்றார் அன்னை. மறுநாள் அவ்வம்மையார் உயிர் நீத்தார்.

1950 அக்டோபர் 2-ஆம் நாள் ஏழு நாளிதழ்களில் ‘பீநட்ஸ்’ தொடங்கிற்று. பெருநிகழ்ச்சி எதுவும் அதில் இல்லை. சார்லி பிரவுன் என்னும் சிறுவன் பட்டம் விடுவான். அது மரத்தில் சிக்கிக் கொள்ளும். பந்தாடுவான், தோற்பான், மீண்டும் ஆடுவான். அவனுடைய நாய் ஸ்னூப்பி தன் சிறு வீட்டின் கூரைமேல் படுத்து வானத்தை நோக்கும். இவ்வளவே கதை!

1972-இல் வந்த படமொன்றில், அச்சமின்றி இருத்தல் என்பது யாது என்று தோழி ஒருத்தி வினவுகிறாள். இரவு நேரத்தில், பெற்றோர் முன்னே அமர்ந்திருக்க, காரின் பின்னிருக்கையில் உறங்குவதே அது என்கிறான் சிறுவன். கவலையெல்லாம் பெற்றோருடையது. ஆனால் ஒருநாள் திடுமென வளர்ந்துவிடுவோம். அவ்வுறக்கம் பின்பு என்றுமே கிட்டாது. கேட்டவள் அஞ்சித் தன் கையைப் பற்றிக்கொள்ளுமாறு வேண்டுகிறாள். சாவு என்னும் சொல் அங்கே இல்லை. வரைந்தவர் தாயை இழந்த மகன் என்பதை அறிந்தோர்க்கு அச்சொல் வேண்டுவதும் இல்லை.

ஆண்டுகள் பல கடந்தும் அக்கதைச் சிறுவர் பள்ளிப் பருவத்தைத் தாண்டவில்லை. அவர்களை வரைந்த கோடுதான் மூப்படைந்தது. 1981-இல் செய்த இதய அறுவைக்குப் பின் ஷுல்ஸின் கை நடுங்கத் தொடங்கிற்று. மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அவர் வரைந்ததும் உண்டு. எனினும், தம் பேனாவை உதவியாளர் எவரிடமும் அவர் கொடுத்திலர். முன்னைப் படங்களில் நேராக ஓடிய கோடு பின்னைப் படங்களில் நெளிந்து செல்வதைக் காணலாம். அதனைக் குறை என்பாரும் இருக்கலாம். ஆனால், அந்நடுக்கத்தை மறையாது விட்டதே அப்படங்களின் அழகு.

1999 நவம்பரில் அவரைக் கொடுநோய் பற்றியிருப்பது தெரிந்தது. அடுத்த மாதமே ஓய்வை அறிவித்தார். அதற்குள் அவர் வரைந்திருந்தவை 17,897 படங்கள். தமக்குப் பின் பிறர் அக்கதையைத் தொடரலாகாது என்பது அவர் விருப்பம். இறுதிப் படம் 2000 பிப்ரவரி 13, ஞாயிற்றுக்கிழமை வெளிவர வேண்டியிருந்தது. முன்னாள் இரவு, உறக்கத்திலேயே ஷுல்ஸின் உயிர் பிரிந்தது.

காலையில் நாளிதழ்கள் வீடுதோறும் வந்தன. அவற்றில், ஸ்னூப்பி தன் தட்டச்சுப் பொறியின் முன் அமர்ந்திருந்தது. உடன் ஷுல்ஸ் கையொப்பமிட்ட விடைமடலும் இருந்தது.