மலையில் பிறந்த ஆறு

ஆகஸ்ட் 8, பண்டாரவளை

நாள் முழுக்கக் கச்சான் காற்று. தென்மேற்குப் பருவமழையை மேற்குச் சரிவுகளே வாங்கிக்கொள்வதால், ஈரம் இழந்த காற்றுதான் ஊவாவுக்கு வருகிறது. நாளை யாலவுக்குப் பயணம். "காய்ஞ்ச காட்டுல பாக்க என்னா இருக்கு?" என்கிறார் அம்மா. நமுனுகுல மலையில் முப்பது வருஷம் கொழுந்தெடுத்தவர். அவருக்குப் பச்சைதான் அழகு.

ஆகஸ்ட் 9, யால

இருட்டிலேயே எல்ல கணவாய் வழியாக இறங்கி, வெல்லவாய தாண்டினோம். குளிர் போய்விட்டது. பலட்டுப்பான வாயிலில் ஜீப் மாறினோம்.

1938இல் தேசியப் பூங்காவான காடு. 979 சதுர கிலோமீட்டர். பாலைவனம் அல்ல, மாரி மழை வந்தால் துளிர்த்துவிடும். இப்போதோ செம்புழுதி, முட்புதர், வெயிலில் வெளிறிய பாறைகள். பாலையும் வீரையும் மட்டும் கரும்பச்சையாய் நிற்கின்றன. பாலைப் பழத்துக்காகக் கரடிகள் மரமேறும் பருவம் முடிந்துவிட்டது.

மலையில் எல்லாவற்றையும் பச்சை போர்த்திவிடும். இங்கே ஒரு மரம், ஒரு கொக்கு, ஒரு பாறை என ஒவ்வொன்றையும் முழுசாகப் பார்க்கிறேன். குளம் ஒன்று பாளம் பாளமாய் வெடித்திருந்தது. நடுவில் மிஞ்சிய சேற்றில் முதலை. அதைப் பார்த்துக்கொண்டே ஒரு புள்ளிமான் குனிந்து குடித்தது. தாகத்தின் முழு உருவத்தை இன்றுதான் கண்டேன்.

மாணிக்க கங்கைக் கரையில் இறங்க விட்டார்கள். இருபுறமும் மருத மரங்கள். அகன்ற மணலில் மெல்லிய நீரோட்டம்.

"கதிர்காமத்துல நாம முழுகுற ஆறா இது?"

"ஆமாம்மா. நம்ம நமுனுகுல மலையிலதான் பொறக்குது."

அம்மா வெகுநேரம் பேசவில்லை. பிறகு கரையில் நின்றபடியே கைகூப்பினார்.

ஆகஸ்ட் 10, பண்டாரவளை

வறட்சி முற்றும் செப்டெம்பரில் யாலவின் முக்கியப் பகுதியை வழக்கமாக மூடிவிடுவார்கள். அப்போது மனிதர் பார்வைக்கு அப்பால், அந்த மான்கள் எஞ்சிய தண்ணீரைத் தேடி நடக்கும்.

காலையில் நமுனுகுல உச்சியில் மேகம் தங்கியிருந்தது. அம்மா தேத்தண்ணிக் கோப்பையோடு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே மரக்கறித் தோட்டம் வைத்திருக்கும் என் தம்பியை நினைத்துக்கொண்டார் போலும்.

"தம்பிக்குப் போன் போடு. மருந்து டாங்கிய இனி ஓடையில கழுவ வேணாம்னு சொல்லு. கீழ அந்தப் புள்ளைங்க குடிக்குதுங்க."