மீதி எவ்வளவு?

பஸ் டிக்கெட்டைத் திருப்பிப் பின்பக்கம் பார்க்கும் பழக்கம் என் அம்மாவுக்கு இன்னும் போகவில்லை.

சென்னை பஸ்களில் போய் வந்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஐம்பது ரூபாய்த் தாளை நீட்டினால் கண்டக்டர் ஒரு பார்வை பார்ப்பார். டிக்கெட்டைக் கிழித்து, பின்னால் மீதித் தொகையைப் பேனாவால் கிறுக்கி, “இறங்கும்போது வாங்கிக்கோம்மா” என்பார். அதற்கப்புறம் ஜன்னலோர இருக்கை கிடைத்தாலும் பயனில்லை. கண் வெளியே இருக்கும், மனசு டிக்கெட்டின் பின்பக்கத்திலேயே இருக்கும். சில நாள் நமக்கும் பக்கத்தில் நிற்பவருக்கும் சேர்த்து ஒரே தாளைக் கொடுத்து, “ரெண்டு பேரும் பிரிச்சுக்குங்க” என்பார். முன்பின் தெரியாதவருடன் இறங்கிப் பெட்டிக்கடையில் சில்லறை மாற்றிய அனுபவம் எனக்கே உண்டு.

ஒரு முறை அம்மா மீதி முப்பத்தெட்டு ரூபாயை மறந்து இறங்கிவிட்டாள். பத்து வருடம் ஆகியும் அந்தக் கணக்கு எங்கள் வீட்டில் முடியவில்லை.

இந்த அம்மாவை அழைத்துக்கொண்டுதான் சென்ற வருடம் ஒரு மாதத்துக்குச் சிங்கப்பூர் போனேன். மகள் இருப்பது செங்காங்கில். வீட்டு வாசலில் பஸ். அதில் சில நிறுத்தங்கள் போனால் ரயில் நிலையம். அங்கிருந்து வடகிழக்கு ரயில் தடத்தில் ஏறினால், மாறாமல் லிட்டில் இந்தியா. ஓட்டுநரே இல்லாத ரயில் என்று கேள்விப்பட்டதும் அம்மா கொஞ்சம் யோசித்தாள். “கண்டக்டர்?” என்றாள். அவரும் இல்லை என்றதும், “அப்ப காசை யார் வாங்குவா?” என்று கேட்டாள்.

நியாயமான கேள்விதான். ரயிலில் நாம் போகும் பயணத்துக்கு நேராகக் காசு கொடுக்க அங்கே வழியில்லை. ஒரு தடவைப் பயணத்துக்கான சீட்டுகளையும் 2022-இல் நிறுத்திவிட்டார்கள். அட்டை வேண்டும். பஸ்ஸில் மட்டும் இன்னும் ரொக்கம் செல்லும். ஓட்டுநர் பக்கத்தில் இருக்கும் பெட்டியில் சரியான சில்லறையைப் போட வேண்டும். அதிகமாகப் போட்டால் மீதி திரும்பாது. அட்டைக்காரர் கொடுப்பதைவிடக் கட்டணமும் கூடுதல். அட்டையில் போனால் பஸ்ஸிலிருந்து ரயிலுக்கு மாறுவதைக் குறிப்பிட்ட நேரத்துக்குள் ஒரே பயணமாக எண்ணி, மொத்த தூரத்துக்குத்தான் கட்டணம் போடுவார்கள். ரொக்கத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. லண்டனில் 2014 ஜூலையிலிருந்து நகரப் பேருந்துகளில் ரொக்கம் வாங்குவதே இல்லை. சிங்கப்பூர் கதவை அப்படிச் சாத்திவிடவில்லை, ஆனால் ரொக்கம் வைத்திருப்பவருக்கு அது குறுகலான கதவுதான்.

என் மகளுக்கு அட்டையும் கிடையாது. போனை நீட்டுகிறாள், கதவு திறக்கிறது, போய்க்கொண்டே இருக்கிறாள். “உன்னோட பேங்க் கார்டையே தட்டலாம்மா. வெளிநாட்டு கார்டுன்னு கொஞ்சம் எக்ஸ்ட்ரா எடுப்பாங்க, அவ்வளவுதான்” என்றாள். பாட்டிக்கு மட்டும், முன்பு வாங்கி அலமாரியில் போட்டிருந்த பழைய ஈசி லிங்க் அட்டை ஒன்றைத் தேடிக் கொடுத்தாள். செங்காங் நிலையத்தில் இருக்கும் இயந்திரத்தில் அட்டையை வைத்து, அம்மா கையாலேயே ஒரு பத்து வெள்ளித் தாளை உள்ளே விட வைத்தாள். அங்கே நம் ஆட்கள் டாலரை வெள்ளி என்றும் சென்ட்டைக் காசு என்றும்தான் சொல்கிறார்கள். அந்த வார்த்தையே அம்மாவுக்குப் பாதி பயத்தைப் போக்கிவிட்டது.

முதல் நாள் மூவரும் லிட்டில் இந்தியா போனோம். வெளியேறும் கதவில் மகள் போனைத் தட்டினாள். ஒரு சத்தம், கதவு திறந்தது. நான் என் வங்கி அட்டையைத் தட்டினேன். எவ்வளவு எடுத்தது, ஒன்றும் தெரியவில்லை. அம்மா தன் அட்டையை இரண்டு கையாலும் பிடித்து வைத்தாள். சின்னத் திரையில் இரண்டு எண்கள் வந்தன. பயணத்துக்கு எடுத்தது ஒன்று, மீதி ஒன்று. அவள் நின்று நிதானமாகப் படித்தாள். பின்னால் வந்த சீனப் பெரியவர் பொறுமையாகக் காத்திருந்தார்.

“பாத்தியா, மீதி காட்டறது” என்றாள் அம்மா. டிக்கெட்டின் பின்பக்கம் கிடைத்துவிட்ட திருப்தி முகத்தில்.

பஃபலோ ரோட்டில் காய்கறிக் கடைகளையும் பூக்கடைகளையும் தாண்டிச் சிராங்கூன் சாலைக்கு வந்து, வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் போகும் வழியில்தான் மகளிடம் கேட்டேன். பாட்டிக்குக் காட்டும் திரை நமக்கு ஏன் காட்டவில்லை?

அவள் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். பழைய அட்டை ஒரு சுருக்குப்பை மாதிரி. பணக்கணக்கு அந்த அட்டையின் சில்லுக்குள்ளேயே இருக்கிறது. கதவு அதைத் திறந்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு, மீதியைக் காட்டிவிட்டு மூடிவிடுகிறது. புதிய முறையில், வங்கி அட்டையோ போனோ எதுவானாலும், நம் கையில் இருப்பது பணம் அல்ல, பெயர் மட்டும். மளிகைக் கடை அண்ணாச்சி நோட்டில் எழுதி வைத்துக்கொள்வது போல, ‘இவர் இங்கே ஏறினார், அங்கே இறங்கினார்’ என்று எங்கோ இருக்கும் கணினி எழுதிக்கொள்கிறது. கணக்குப் பிறகுதான் போடப்படுகிறது. அந்தக் கணக்கைக் கேட்டு வாங்கிக் கதவிலேயே காட்ட வேண்டுமென்றால் சில வினாடிகள் ஆகும். காலையில் ஆயிரக்கணக்கானோர் நுழையும் கதவில் அது பெரிய வரிசையாகிவிடும். வேண்டுமானால் போன் செயலியில் பார்த்துக்கொள்ளலாம்.

இதை வைத்து அந்த ஊரில் ஒரு சின்னப் போராட்டமே நடந்திருக்கிறது. 2002-இல் வந்தது ஈசி லிங்க் அட்டை. 2024 ஜனவரி 9-ஆம் தேதி நிலப் போக்குவரத்து ஆணையம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஜூன் முதல் தேதியிலிருந்து, வயது வந்தோர் பயன்படுத்தும் பழைய வகை அட்டைகள் செல்லாது, எல்லோரும் ‘சிம்ப்ளிகோ’ என்ற புதிய முறைக்கு மாறிவிடுங்கள் என்பது செய்தி. மாற்றிக்கொள்ள ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். கூடவே கேள்வியும் கேட்டார்கள். தட்டினால் எவ்வளவு போனது, எவ்வளவு மீதி என்று ஏன் தெரியவில்லை?

நவீனத்தில் ஊறிய ஊர், போன் இல்லாமல் ஒரு வேலையும் நடக்காத ஊர். அங்கேயே இந்த ஒரு எண்ணுக்காக அவ்வளவு அதிருப்தி. இரண்டே வாரத்தில், ஜனவரி 22-ஆம் தேதி, போக்குவரத்து அமைச்சர் சீ ஹொங் டாட் முடிவு மாற்றப்படுவதாக அறிவித்தார். பழைய முறை குறைந்தது 2030 வரை தொடரும், அதற்காகக் கூடுதலாக 4 கோடி வெள்ளி செலவாகும் என்றார்.

கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே அம்மாவிடம் இதைச் சொன்னேன். பெரிய ஆச்சரியம் எதுவும் அவள் காட்டவில்லை. “கேட்டது தப்பில்லையே. மீதி சொல்லாத கண்டக்டரை நாம விடுவோமா?” என்றாள்.

இரண்டாவது வாரத்தில் அம்மா தனியாகக் கோயிலுக்குப் போக ஆரம்பித்தாள். எழுபத்தாறு வயது. ஆங்கிலம் கொஞ்சம் வாசிப்பாள், பேச மாட்டாள். எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது. அவளுக்கு நிலைய அறிவிப்புப் பலகையில் தமிழ் இருந்தது, கையில் அட்டை இருந்தது, அட்டையில் எவ்வளவு இருக்கிறது என்பது தெரிந்தும் இருந்தது. தினக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் தேதி போட்டு மீதியை எழுதி வைத்துக்கொண்டாள். ரயிலில் எடுத்தது குறைவாக இருந்தால், “பஸ்ஸுக்கும் சேர்த்து ஒரே கணக்கு” என்று எனக்கே பாடம் நடத்தினாள்.

ஒரு மாலை திரும்பி வந்தவள் தாளை நீட்டினாள். “இன்னிக்கு அதிகமா எடுத்திருக்கான். எப்படின்னு கேளு.”

சில காசுகள்தான் வித்தியாசம். மகள் விசாரித்ததில் விஷயம் புரிந்தது. காலையில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அட்டையைத் தட்ட மறந்திருக்கிறாள் பாட்டி. தட்டாவிட்டால் நீங்கள் எங்கே இறங்கினீர்கள் என்று இயந்திரத்துக்குத் தெரியாது. கடைசி நிறுத்தம் வரைக்கும் கட்டணம் எடுத்துக்கொள்ளும். அடுத்து ரயிலில் தட்டியபோது திரையில் வந்த மீதி, தாளில் எழுதிய கணக்கோடு ஒத்துப்போகவில்லை. அப்படித்தான் பிடித்திருக்கிறாள்.

“நான் எத்தனை தடவை மறந்திருக்கேனோ, எனக்கே தெரியாது பாட்டி” என்றாள் என் மகள். மாதக் கடைசியில் வங்கிக் கணக்கில் மொத்தமாகப் போவதை அவள் பார்ப்பதில்லை. அவளுக்குப் பார்க்க நேரமும் இல்லை, அந்தச் சில காசுகள் பெரிய விஷயமும் இல்லை. அதைக் குறை சொல்ல மாட்டேன். குழந்தையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடுகிறவளுக்கு, காசு தீர்ந்து கதவு திறக்காமல் நிற்கும் அவஸ்தை இல்லை என்பதே பெரிய விடுதலை.

ஆனால் அம்மாவின் விடுதலை வேறு. அப்பா போன பிறகு அவள் கைக்கு வருவது குடும்ப ஓய்வூதியம் மட்டும். அதில் யாரிடமும் கேட்காமல் நடத்துவதை அவள் கௌரவமாக நினைக்கிறாள். சிங்கப்பூரிலும் அட்டையில் போட்ட காசு அவள் கொண்டுவந்து மாற்றிய காசுதான். பேத்தி எவ்வளவு சொல்லியும், “உன் போன்ல ஏத்தாதே” என்று சொல்லிவிட்டாள். எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தால்தான் எங்கே போகலாம் என்று தானே முடிவு செய்யலாம். தெரியாவிட்டால் யாரையாவது கேட்டுக்கொண்டு போக வேண்டும். அந்தச் சின்னத் திரையில் வந்த எண், அவளுக்கு அந்த ஊரில் தனியாகப் போய்வரும் தைரியம்.

அட்டை வந்தால் காசு போய்விடும், காலம் மாறும், மாறட்டும். சில்லறைச் சண்டையை நினைத்து நான் ஏங்கப்போவதில்லை. ஆனால் கண்டக்டர் எழுதிய அந்தக் கிறுக்கல், தரவேண்டியது இவ்வளவு என்று ஒப்புக்கொண்ட சீட்டு. எந்த அட்டை வந்தாலும், எந்தச் செயலி வந்தாலும் அதைக் கேட்டு வாங்கிக்கொள்வதுதான் சரி என்று தோன்றுகிறது.

ஊருக்குக் கிளம்பும் நாள் அட்டையைப் பேத்தியிடம் திருப்பிக் கொடுத்தாள் அம்மா. கூடவே காலண்டர் தாளையும். கடைசி வரியில் தேதி, ஆறு வெள்ளி பதினான்கு காசு.

“அடுத்த தடவை வரும்போது சரியா இருக்கணும்” என்றாள்.

இப்போது சென்னையில் அவளுக்கு டிக்கெட் கவலை இல்லை. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பஸ்களில் பெண்களுக்குக் காசு வாங்குவதில்லை. போன வாரம் இருவரும் பஸ்ஸில் போனோம். கண்டக்டர் கட்டணமில்லா டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு நகர்ந்தார். அம்மா அதை வாங்கி, பழக்க தோஷத்தில் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை. அவளே சிரித்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே வேடிக்கை பார்க்க ஆரம்பித்தாள்.