டிரைவர் மேலதான் தப்பா?

நேற்று வரை நொடிக்கு 60 ஃப்ரேம் ஓடின கேம், கிராபிக்ஸ் டிரைவரை அப்டேட் பண்ணின மறுநாள் 35-ல் நொண்டுகிறது. உடனே எல்லாரும் செய்வது இரண்டு வேலை. ஒன்று, டிரைவரைத் திட்டுவது. இன்னொன்று, கேமில் இருக்கிற அத்தனை செட்டிங்கையும் ஒரே மூச்சில் குறைப்பது. திட்டுவதில் தப்பில்லை. ஆனால் காக்கா உட்கார்ந்ததால்தான் பனம்பழம் விழுந்ததா என்று ஒரு தடவை பார்த்துவிடலாமே!

டிரைவர் நிஜமாகவே குற்றவாளியாக இருந்ததும் உண்டு. 2010 மார்ச்சில் என்விடியா 196.75 என்ற டிரைவரை வெளியிட்டது. அப்போது பீட்டாவில் இருந்த ஸ்டார்கிராஃப்ட் 2 சிலருக்கு மெதுவானது. காரணம், கார்டின் ஃபேனை டிரைவர் சரியாகச் சுற்ற விடவில்லை. சூடு ஏறியது, வேகம் குறைந்தது, சில கார்டுகள் செத்தே போயின. கேமை உருவாக்கிய பிளிஸார்டே எச்சரிக்கை விட்டது. என்விடியா டிரைவரைத் திரும்பப் பெற்று, பழைய 196.21-க்குப் போகச் சொன்னது. அன்றைக்கு 'கேம்தானே, கொஞ்சம் ஸ்லோ' என்று செட்டிங்கைக் குறைத்து ஆடிக்கொண்டே இருந்தவர் கார்டையே பணயம் வைத்தார். அதனால்தான் முதலில் பார்க்க வேண்டியது ஃப்ரேம் எண்ணிக்கை இல்லை. கார்டின் சூடும் ஃபேனும்.

இதற்கு நேர் எதிர்க் கதையும் இருக்கிறது. 2025 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11 அப்டேட்டுக்குப் பிறகு சில கேம்களின் வேகம் குறைந்தது. அதைச் சரிசெய்ய நவம்பரில் என்விடியா 581.94 என்ற அவசர டிரைவரை விட்டது. அதே வாரத்தில் டிரைவரையும் மாற்றியவர் யாரைத் திட்டியிருப்பார் என்று சொல்லவே வேண்டாம் :-)

மூன்றாவது வகையில் குற்றவாளியே கிடையாது. வெளிச்சம், நிழல், தண்ணீர் எல்லாம் வரைய 'ஷேடர்' என்ற குட்டி நிரல்கள் உண்டு. அவற்றைக் கார்டுக்குப் புரிகிற மாதிரி மாற்றி டிரைவர் சேமித்து வைத்திருக்கும். டிரைவர் மாறினால் பழைய சேமிப்பு பெரும்பாலும் செல்லாது. எல்லாம் முதலில் இருந்து. அதுவரை கேம் விக்கி விக்கித்தான் ஓடும். கொஞ்ச நேரம் ஆடினால் தானாகச் சரியாகிவிடும். பொறுமை இல்லாதவர் அதற்குள் விண்டோஸையே அழித்துப் போட்டிருப்பார்!

அப்படியானால் கண்டுபிடிப்பது எப்படி? ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், அவ்வளவுதான். அதே கேம், அதே இடம், அதே ரெசல்யூஷன், லேப்டாப் என்றால் சார்ஜரில் செருகி, எண்ணிக்கையைக் குறித்து வைக்க வேண்டும். லேப்டாப்பில் கேம் சத்தமில்லாமல் இன்டெல் கிராபிக்ஸுக்கு மாறிவிட்டதா என்பதையும் பார்க்க வேண்டும். பிறகு டிவைஸ் மேனேஜரில் 'ரோல் பேக் டிரைவர்' கொடுத்து, அதே இடத்தில் மறுபடி அளக்க வேண்டும். வேகம் திரும்பினால் சந்தேகம் டிரைவர் மேல் உறுதியாகிறது. திரும்பாவிட்டால் அது பாவம், வேறு இடத்தில் தேட வேண்டும். பழைய டிரைவரிலேயே நிரந்தரமாகத் தங்கிவிடுவதும் நல்லதில்லை; புதியவற்றில் பாதுகாப்புத் திருத்தங்களும் வருகின்றன.

காமர்ஸ் மக்களுக்கு இது புதுசு இல்லை. இருப்பாய்வு டேலி ஆகாவிட்டால் பத்துப் பதிவுகளை ஒன்றாக மாற்றினால் என்ன ஆகும்? தப்பு இன்னும் ஆழமாக ஒளிந்துகொள்ளும். வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் போட்டால் அன்றைக்குத் தூக்கம் வரும், தப்பு மட்டும் அங்கேயே இருக்கும். டிரைவரைத் திட்டிவிட்டு நகர்வதும் அதே அனாமத்துக் கணக்குதான்.