தூர்ந்த அகழி

எங்கள் ஊர் அருப்புக்கோட்டை. பெயரிலே கோட்டை உண்டு. கோட்டையையோ யான் கண்டதில்லை. "ஐயா, கோட்டை என்பது எங்ஙனம் இருக்கும்?" என்று இளமையில் என் தமிழாசிரியரை வினவினேன். அவர் ஒரு விடுமுறை நாளில் என்னை மதுரைக்கு அழைத்துச் சென்றார். பெருமாள் மேஸ்திரி வீதியில் நின்று, "அகழி எங்கே, ஐயா?" என்றேன். "தம்பி, அஃது இவ்வீதிகளுள் அடங்கிவிட்டது" என்றார்.

16ஆம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கர், பாண்டியர் கோட்டையை இடித்து, இரட்டை மதிலும் அகழியும் உடைய பெருங்கோட்டையை எழுப்பினார். அதன் 72 கொத்தளங்களையும் 72 பாளையக்காரர் காத்தனர் என்பர். 1736இல் நாயக்கர் ஆட்சி ஒழிந்தது. பின்னர் நகரில் மக்கள் பெருகவே, 1837ஆம் ஆண்டளவில் மாவட்ட ஆட்சித்தலைவர் பிளாக்பர்ன் மதிலை இடிப்பித்து, அம்மண்ணால் அகழியைத் தூர்ப்பித்து, வீதிகள் அமைத்தார். பகைவரைத் தடுத்த மண் குடிகள் நடக்கும் வழியாயிற்று.

கொத்தளம் காத்த தலைவர் அனைவரின் பெயரையும் சொல்ல வல்லார் இன்று அரியர். அப்பணியை மேற்பார்த்த பெருமாள் மேஸ்திரியின் பெயரோ மக்கள் நாவில் நாள்தோறும் வழங்குகிறது. ஊரை அடைத்தவரினும் ஊருக்கு வழி திறந்தவரே நிலைபெறுவர் என்பதை அன்று கற்றேன்.