மூன்றாம் வரிசை இருக்கை

கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் ஒருவரையொருவர் காணாமலே நட்புக் கொண்ட வரலாற்றை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்தி வருகிறேன். உணர்ச்சி ஒத்தால் போதும், கூடிப் பழகுதல் வேண்டுவதில்லை என்பது வள்ளுவர் கருத்து. ஆகவே, 2020ஆம் ஆண்டு மார்ச் இறுதியில், கொள்ளைநோயின் காரணமாகச் சிங்கப்பூரில் வழிபாட்டுக் கூட்டங்கள் நிறுத்தப்பட்டபோது, நான் பெரிதும் கலங்கவில்லை.

ஏப்ரல் 12ஆம் நாள் உயிர்த்தெழுந்த திருநாள். அன்றைய ஆராதனையை வீட்டுக் கூடத்தில் அமர்ந்தவாறு கைப்பேசியிலேயே கண்டோம். போதகரின் குரல் தெளிவாகக் கேட்டது. எத்தனை பேர் பார்க்கின்றனர் என்ற எண்ணிக்கையும் திரையின் ஓரத்தில் தோன்றியது. 'சபையார் அனைவரும் கூடிவிட்டனர்' என்று மனநிறைவு கொண்டேன்.

ஜூன் இறுதியில், ஐம்பது பேர் வரை கூடலாம் என்ற அனுமதி கிடைத்தது. முகக்கவசம் அணிந்து, இடைவெளி விட்டு அமர்ந்தோம். வாய்விட்டுப் பாடவும் தடை. அடுத்தடுத்த வாரங்களிலும் மூன்றாம் வரிசையின் ஓரத்து இருக்கை வெறுமையாகவே இருந்தது. தனியே வாழும் முதிய அம்மையார் ஒருவர் ஆண்டுக்கணக்காக அமர்ந்து வந்த இடம் அது. அவரைப் பற்றிக் கேட்டேன், ஒருவருக்கும் தெரியவில்லை.

அன்று மாலையே அவருடைய அடுக்குமாடி வீட்டுக்குச் சென்றேன். சுவரைப் பற்றியவாறு வந்து கதவைத் திறந்தார். ஏப்ரலில் குளியலறையில் வழுக்கி விழுந்தாராம். திரையில் ஆராதனை நடந்தது அவருக்குத் தெரியும்; அதனைத் திறந்து பார்க்கத்தான் தெரியவில்லை.

"ஒரு வார்த்தை எங்களுக்குச் சொல்லியிருக்கலாமே, அம்மா?" என்றேன்.

"என்னைக் காணோமென்று யாருக்காவது தோன்றும் என்றிருந்தேன், தம்பி" என்றார்.

அவர் சினந்து பேசியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த அமைதியை என்னால் தாங்க இயலவில்லை.

திரையைப் பழிப்பது என் நோக்கமன்று. நோயாளிகளுக்கும் நடக்க இயலாதவர்களுக்கும் அது இன்றும் நல்ல துணையே. ஆயினும், வந்தவரை எண்ணிக் காட்டும் அக்கருவிக்கு, வராதவரைத் தேடத் தெரியாது. யோவானின் இரண்டாம் நிருபம் மிகச் சிறியது. எழுத வேண்டியவை இன்னும் பல இருந்தும், அவற்றைத் தாளிலும் மையிலும் எழுத விரும்பாமல், நேரில் வந்து முகமுகமாகப் பேச விழைவதாக அதனை அவர் முடிக்கிறார். ஐக்கியம் என்னும் சொல்லின் பொருள் அந்த விழைவில் அடங்கியிருக்கிறது.

சோழன் வரலாற்றிலும் நான் விரைந்து கடந்து சென்ற பகுதி ஒன்று உண்டு. வடக்கிருந்த மன்னன், தன் நண்பர் தவறாமல் வருவாரென்று கூறி, அவருக்கும் ஓரிடம் ஒதுக்கச் சொன்னான். பிசிராந்தையாரும் பாண்டிய நாட்டிலிருந்து அவனைத் தேடி வந்தார். காணாமல் வளர்ந்த அந்த நட்பும் ஓரிடத்தில் உடனிருக்கவே விரும்பியது அன்றோ?

சில திங்கள் கழித்து, அம்மையார் ஊன்றுகோலுடன் தம் இருக்கைக்குத் திரும்பினார். அதுமுதல், ஆராதனை தொடங்குமுன் வெறுமையான இருக்கைகளை ஒருமுறை பார்த்துக்கொள்வது என் வழக்கமாயிற்று. அவற்றுக்குரியவர்களின் வீட்டுக் கதவை அன்று மாலையே தட்டுகிறேன்.