மாடிப்படிக்குக் கீழே ஒரு சைக்கிள்

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியில் படித்த அக்கா இருக்கும் பல வீடுகளில், மாடிப்படிக்குக் கீழே ஒரு சைக்கிள் நிற்கும். 11-ம் வகுப்பில் அரசு கொடுத்த விலையில்லா சைக்கிள். அக்கா காலேஜ் பஸ்ஸில் ஏறியதும் அது துணி காயப்போடும் ஸ்டாண்டாகிவிடும். பழைய இரும்புக்குப் போடலாம் என்று பேச்சு வரும்போதுதான் தங்கைக்கு அதன்மேல் பாசம் பொத்துக்கொண்டு வரும்!

அவசரப்படாதீங்க மக்களே. காற்றடித்த உடனே ஏறி உட்காரக் கூடாது. பக்கவாட்டில் விரிசல் விட்ட டயரை மாற்றியே ஆகணும். டியூபைத் தண்ணீரில் முக்கினால், குமிழி வரும் இடம்தான் பஞ்சர். அந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது கொஞ்சம் காய்ந்த பிறகே ஒட்டுப் போடணும். ஈரத்தோடு போட்டால் பிடிக்காது.

செயின் துருவை மண்ணெண்ணெய் தொட்டுப் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்து, எண்ணெய் விடலாம். ஆனால் ஒரு சொட்டுகூட ரிம்மில் படக் கூடாது, பிரேக் வழுக்கிவிடும். கல்லாக இறுகிப்போன பிரேக் கட்டையும் அப்படித்தான். செலவுக்குப் பயந்து எதை விட்டாலும் இதை மட்டும் விடாதீங்க.

இனி டியூஷன் முடிந்து பஸ்ஸுக்காக இருட்டில் நிற்க வேண்டாம். லைப்ரரிக்குக் கொண்டுபோய் விடச் சொல்லி யாரையும் கெஞ்ச வேண்டாம். அக்காவுக்கு அன்று கிடைத்ததும் இந்தச் சுதந்திரம்தானே?